வலது காதுக்கு அடித்த காற்று

என் வலது காதுக்குள் பங்கசு குடிவந்து நாலு வருடமாகிறது. பங்கசு என்பது டொக்டர்மார் வைத்த பெயர். எங்கள் வீட்டில் அதைப் பூஞ்சணம் என்போம். மாரி காலத்தில் அலுமாரிக்குள் கிடக்கும் தோல் செருப்பில் பூக்குமே, அதே சாமான்தான். செருப்பில் பூத்தால் எடுத்து வெயிலில் போடலாம். காதைக் கழற்றி வெயிலில் காயவைக்கும் வசதியை ஆண்டவன் எனக்குச் செய்து தரவில்லை.

முதலில் கடி, அதுதான் அரிப்பு, தொடங்கும். சோறு தின்றுகொண்டிருக்கிறவனைக் கறிக் கையோடு எழுப்பி, மோட்டார் சைக்கிள் சாவி எங்கே என்று தேடவைக்கிற கடி. சாவியைக் காதுக்குள் விட்டுத் திருப்பும்போது வருகிற சுகத்தைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கும் இந்தப் புத்தகம் போகக்கூடும். சுகம் முடிந்து இரண்டு நாளில் காது அடைக்கும். அதற்கடுத்த நாள் தலையணையில் மஞ்சளாக ஒரு நனைவு, கிட்ட வருகிறவர்களை எட்டி நிற்கவைக்கிற ஒரு மணம். பிறகு கிளினிக், துளி மருந்து, பத்து நாள் பத்தியம். சுகமாகிவிட்டது என்று சந்தோசப்பட்டு முடியுமுன் திரும்பவும் சாவியைத் தேடுவேன்.

வேறு ஒருவனுக்கு இது வெறும் அரியண்டம். எனக்கோ அந்தக் காதுதான் பிழைப்பு. நான் எஞ்சின் திருத்துகிறவன். ஆரையம்பதியில் வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் என் கராஜ். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை வயல் வட்டைகளில் இருந்து தண்ணீர்ப் பம்பியும் உழவு மிசினும் வரும். கடற்கரைப் பக்கமிருந்து போட் எஞ்சின் வரும். எதுவந்தாலும் நான் முதலில் அதைக் கழற்றுவதில்லை. ஓடவிட்டு, ஒரு முழ நீள ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினின் உடம்பில் வைத்து, பிடியை வலது காதுக்குள் வைத்து அமத்திக் கேட்பேன். பெயரிங் தேய்ந்திருக்கிறதா, வால்வு தட்டுகிறதா, பிஸ்டன் இறுகுகிறதா என்று அந்தக் கம்பி வழியாக எல்லாம் காதுக்கு வந்துவிடும். "அவன் காது வெச்சாப் போதும், கழட்டத் தேவல்ல" என்று ஊரில் ஒரு பேச்சு. இருபது வருடமாக நானும் என் மனைவியும் சோறு தின்றது அந்தப் பேச்சில்தான். இடது காது இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கண்ணாடி மாட்டுவதற்கு.

அந்த ஸ்குரூ டிரைவரின் பிடி பகல் முழுக்கக் கியர் எண்ணெயிலும் சேற்றுத் தண்ணீரிலும் கிடந்து எழும்பும். அதை ஒருநாளாவது துடைத்துவிட்டுக் காதில் வைத்தேனா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

காது அடைத்த செய்தி வெளியே போனதும் ஊரே டொக்டராகிவிட்டது. ஒருவர் வெள்ளைப்பூண்டைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி விடச் சொன்னார். இன்னொருவர் எருக்கிலையை வாட்டிப் பிழியச் சொன்னார். என் சின்ன வயதுச் சினேகிதன் ஒருவன் இருக்கிறான். போட் வைத்துக் கடலுக்குப் போகிறவன். கடலில் கூப்பிட்டால் கரைக்குக் கேட்கிற வாய். அவன் சொன்னான், "கடல்ல தலைய முக்கி எடு மச்சான். உப்புத் தண்ணிக்கு ஒண்டும் உயிரோட இராது." உயிரோடு இராது என்றால் கடலுக்குள் இத்தனை மீன் எப்படி இருக்கிறது, நீ எதைப் பிடித்து விற்கிறாய் என்று நான் அப்போது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முக்கினேன். எண்ணெயும் விட்டேன், எருக்கிலையும் பிழிந்தேன். பங்கசுக்கு மூன்று வேளையும் என் கையாலேயே பரிமாறியிருக்கிறேன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

கடைசியில் மனைவி என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். காது, மூக்கு, தொண்டை கிளினிக். விடியக் கிளம்பிப்போய் நம்பர் எடுத்து, மர வாங்கில் பத்தரை மணிவரை குந்தியிருந்தோம். அறைக்குக் கதவு இல்லை, ஒரு பச்சைச் சீலை தொங்கியது. உள்ளே பேசுவது வெளியே இருக்கிற எல்லோருக்கும் கேட்கும். காதுக்கு வருத்தம் என்று வந்தவர்களுக்குக்கூட நன்றாகக் கேட்கும்.

டொக்டர் யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். லைற்றைத் தலையில் கட்டிக்கொண்டு காதுக்குள் பார்த்தார்.

"காதுக்குள்ளை என்னெல்லாம் விடுறனீங்கள், ஐயா?"

"ஒண்டுமில்ல டொக்டர்" என்றேன்.

பக்கத்தில் இருந்த என் மனைவி மடியில் கையை வைத்துக்கொண்டு, கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்வது போல ஒழுங்காகச் சொன்னாள். "சாவி டொக்டர். பேனை மூடி. கோழிச் செட்டை. சைக்கிள் கம்பி. நெருப்புக் குச்சி. மறுகா அந்த எண்ணெய் ஊத்தை பிடிச்ச ஸ்குரூ டிரைவர்."

சீலைக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பகையாளிகூட இப்படி ஒருவனைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்று நினைத்தேன். டொக்டர் சிரிக்காமல் ஒரு மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சி எடுத்துக் காட்டினார். நனைந்த பத்திரிகைத் துண்டு மாதிரி ஒன்று, மேலே கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. அது வெளியே வந்ததும் மின்விசிறியின் சத்தம் காதுக்குள் விழுந்தது. அதன் பெயரிங் போய்விட்டது என்று உடனே தெரிந்தது. அவ்வளவு சந்தோசம் எனக்கு.

"காது தன்ரை பாட்டிலை துப்புரவாகும். நீங்கள் உதவி செய்யத் தேவையில்லை" என்றார் டொக்டர். தண்ணீர் கூடாது, எண்ணெய் கூடாது, எந்தச் சாமானும் உள்ளே போகக் கூடாது. காது காய்ந்து இருக்க வேண்டும். காயாவிட்டால் திரும்பத் திரும்ப வரும், கேட்கும் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.

மனைவி அந்தக் கட்டளையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். கிணற்றடியில் என்னைக் குந்தவைத்து, களிம்பு தடவிய பஞ்சைக் காதில் அடைத்து, கழுத்துக்குக் கீழே மட்டும் தண்ணீர் வார்ப்பாள். தலைக்குத் தனியாக ஈரத் துவாய். ஐம்பது வயது மனிதனைக் கைக்குழந்தை மாதிரிக் குளிப்பாட்டுவதை மதிலுக்கு மேலால் அயல் பார்த்தது. சாவிக்கொத்தை அவள் இடுப்பில் செருகிக்கொண்டாள். நெருப்புப் பெட்டியை ஒளித்தாள். ஸ்குரூ டிரைவரை மட்டும் ஒளிக்கவில்லை, அது சோறு என்று அவளுக்கும் தெரியும். அதனால் அதன் பிடியில் தினமும் சுத்தமான துணி சுற்றிவிட்டாள். நான் தினமும் அந்தத் துணியை அவிழ்த்தேன். துணி சுற்றினால் சத்தம் மங்குகிறது. வருத்தம் திரும்பவும் வந்தது. மூன்றாம் முறை டொக்டர் சொன்னார், "அடுத்த கிளினிக்குக்கும் ஈரமாக் கொண்டு வந்தியளெண்டால் வாட்டிலை மறிச்சுப்போடுவன். பத்து நாள் அங்கை கிடந்து மருந்து கட்டவேணும்."

அடுத்த கிளினிக் மாரி விதைப்புக் காலத்தில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் அந்த மாதம் உழவு மிசின்காரன் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிட்டால் வரமாட்டான். கராஜ் வாசலில் மிசின் வரிசையில் நிற்கும். அந்த நேரம் பத்து நாள் வாட்டில் படுத்தால், அவ்வளவும் பக்கத்து ஊர்க் காத்தான்குடிக் கராஜுகளுக்குப் போய்விடும், போனது திரும்பி வராது. இந்த நினைப்போடு நான் கிளினிக்குக்கு முதல் நாள் படுவான்கரையில் ஒரு பம்பி பார்க்கப் போனேன். வரும்போது வாவிப் பாலத்தில் மழை பிடித்தது. ஹெல்மெட்டுக்குள் தண்ணீர் இறங்கி, காதில் இருந்த பஞ்சு ஊறி, நான் கராஜுக்கு வந்து சேர்ந்தபோது தலையை ஆட்டினால் காதுக்குள் தண்ணீர் அலம்பியது.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு மெக்கானிக்கால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் அது. படித்தவனுக்கும் இந்த யோசனை வராது, பாமரனுக்கும் வராது.

காபரேட்டரைக் கழுவினால் நாங்கள் வெயிலில் வைப்பதில்லை. கொம்பிரசர் குழாயைப் பிடித்துக் காற்று அடிப்போம். ஊசி நுழையாத ஓட்டையில் இருக்கிற ஈரம்கூட ஒரு நொடியில் பறந்துவிடும். காபரேட்டர் ஓட்டையே காயுமென்றால் காதோட்டைக்கு என்ன கேடு? பஞ்சை எடுத்தேன். குழாயின் வாயைக் காதுக்குள் வைத்தேன். விசையை அமத்தினேன்.

பட் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. கராஜ் ஒருமுறை சுற்றி வந்து என் காலடியில் நின்றது. பழைய டயர் ஒன்றின் மேல் குந்திக்கொண்டேன். காதில் பஞ்சை வைத்து எடுத்தால் இரத்தம். பயந்துபோனேன். பயத்திலும் ஒரு காரியம் நினைவு வந்தது, காது காய்ந்துவிட்டது.

மறுநாள் டொக்டர் காதுக்குள் பார்த்தார். லைற்றைச் சரிசெய்துகொண்டு திரும்பவும் பார்த்தார்.

"ஆர் அடிச்சது?"

நான் சேட்டுப் பொத்தானைத் திருகினேன்.

"காதுச் சவ்விலை ஓட்டை விழுந்திருக்கு. காதைப் பொத்தி அறைஞ்சால் இப்பிடித்தான் கிழியும். நான் எத்தினை பார்த்திட்டன்." சொல்லிவிட்டு அவர் என் மனைவியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்து, பிறகு மடியில் இருந்த கையைப் பார்த்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் மேசையில் இருந்த கிளினிக் கொப்பியைப் பார்த்தேன்.

"வீட்டிலை ஏதும் பிரச்சினையெண்டால் சொல்லுங்கோ ஐயா."

"ஒண்டுமில்ல டொக்டர்" என்றேன். எப்போதும் சொல்கிற அதே பொய்தான். ஆனால் அன்றைக்கு அது அடி வாங்கின புருசன் சொல்வது மாதிரி, அவ்வளவு பரிதாபமாக வெளியே வந்தது. சீலைக்கு வெளியே வாங்கில் எங்கள் தெருவில் கச்சான் கடலை விற்கிற அக்கா குந்தியிருந்தா. அவவுக்கு மூக்கில்தான் வருத்தம், காதில் ஒரு குறையும் இல்லை.

வரும் வழியில் மனைவி கேட்டாள், "நான் எப்ப உங்களுக்கு அடிச்சன்?"

"டொக்டர்தான் அப்பிடிக் கேட்டா. நான் ஓமெண்டு சொன்னனா?"

"இல்லையெண்டும் சொல்லல்ல."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே பலநாள் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். காதுக்குள் காற்றடித்தவன் என்று ஊரில் தெரிந்தால் எவன் எனக்கு முன்னால் எஞ்சினைக் கொண்டுவந்து வைப்பான்? தன் காதையே உடைத்தவனிடம் ஊரான் பம்பியைக் கொடுப்பானா? என் பெயரை வைத்துக்கொண்டு அவள் பெயரைக் கொடுத்தேன். இதைவிட நயமாக அதைச் சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் பஸ்ஸில் வந்து இறங்க முன்னமே கதை இறங்கிவிட்டது. கராஜுக்கு வந்தவர்கள் எஞ்சினை விட்டுவிட்டு என் கன்னத்தைப் பார்த்தார்கள். சினேகிதன் வந்து வாசலிலேயே நின்று கேட்டான், "உள்ள வரலாமா மச்சான், இல்லாட்டி அண்ணி நிக்காவா?" வைகாசியில் அம்மன் கோயில் சடங்கு வந்தது. சடங்குக்குப் பெண்கள் கூடி நெல் குத்துவது எங்கள் வழக்கம். யாரோ ஒருத்தி உலக்கையைத் தூக்கிக்கொடுத்துச் சொன்னாளாம், "இத அவவிட்டக் குடுங்க புள்ள, அவட கைதான் கை." எல்லோரும் சிரித்தார்களாம். என் மனைவியும் உலக்கையை வாங்கிக் குத்திவிட்டுத்தான் வந்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது தெரிய அரை நாள் எடுத்தது, அவள் எந்நேரமும் என் வலது பக்கம்தான் நிற்பாள்.

அந்தப் பக்கத்தில் இப்போது இரைச்சல் மட்டும்தான். எங்கள் வாவியில் மீன் பாடுகிறது என்று வெளியூர்க்காரர்கள் துடுப்பைக் காதில் வைத்துக் கேட்கத் தோணி ஏறுகிறார்கள். என் காதில் வைத்துக் கேட்டால் தோணிக் கூலி மிச்சம். ஆனால் எஞ்சின் கேட்கவில்லை. இடது காதில் ஸ்குரூ டிரைவரை வைத்தால் எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சினாக இருந்தது. சினேகிதனின் போட் எஞ்சினைக் கேட்டுவிட்டு, "ஒண்டுமில்ல, கொண்டு போ" என்றேன். முகத்துவாரத்துக்குக் கிட்டப் போய் அது இறுகி நின்றுவிட்டது. மூன்று மணித்தியாலம் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தான். வந்தவன் திட்டவில்லை. "பரவால்ல மச்சான், வீட்டுல அடி வாங்கினா ஆருக்கும் மூளை கலங்கும்" என்றான். அதற்கு அவன் திட்டியிருக்கலாம். அடுத்த மாதம் அவன் எஞ்சினைக் காத்தான்குடிக்குக் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டேன்.

இந்த ஏழெட்டு மாதமும் நான் காதுக்குள் ஒரு தூசும் விடவில்லை. கடி வந்தால் கையை மடக்கித் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன். பங்கசு வெறுத்துப்போய் எழும்பிப் போய்விட்டது. ஓட்டை போகவில்லை. சவ்வுக்கு ஒட்டுப்போட வேண்டும், அதற்கு ஒரு ஒப்பரேசன், அதற்கு ஒரு பட்டியல். ஒட்டுப் பிடித்தால் பழையபடி கேட்கும் என்றார் டொக்டர். பேனையை எடுத்தவர் எழுதாமல் நிறுத்தினார்.

"ஒட்டுப் போட்ட பிறகு திரும்ப ஒரு அடி விழுந்தால் என்ரை வேலை வீண். பிறகு அந்தக் காது சரிவராது. என்ன நடந்ததெண்டு இப்ப சொல்லுங்கோ. சொன்னால்தான் பேர் போடுவன்."

இதுதான் நேரம் என்று எனக்குத் தெரியும். "டொக்டர்..." என்று வாயைத் திறந்தேன். சீலைக்கு வெளியே வாங்கு நிறைய ஆட்கள். எங்கள் பக்கத்து முகங்கள் நாலைந்தை உள்ளே வரும்போதே கண்டிருந்தேன்.

"நான்தான் அடிச்சன் டொக்டர்" என்றாள் என் மனைவி. "கோவத்துல கை நீண்டிற்று. இனி அடிக்க மாட்டன். அவருக்கு அந்தக் காது வேணும், பேரப் போடுங்க."

டொக்டர் அவளுக்குப் புத்தி சொன்னார். மகள் வயதுப் பெண் சொல்லச் சொல்ல, அவள் தலையைக் குனிந்து "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் நாள் என் களவையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்புவித்தவள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டேன், "ஏன் அப்பிடிச் சொன்னாய்?"

அவள் சுற்றி வந்து என் இடது பக்கம் நின்றாள். "கொம்பிரசர் எண்டு சொன்னா ஆர் உங்களிட்ட எஞ்சின் தருவான்?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அண்டைக்குத் தேத்தண்ணி கொண்டு வரக்குள்ள குழாய் வாயில ரெத்தம், கிட்ட ரெத்தப் பஞ்சு கிடந்திச்சி. நான்தான் எடுத்து எறிஞ்சன். நீங்களாச் சொல்லுவீங்கெண்டு பாத்தன்." பஸ் வந்தது, ஏறினாள்.

வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த நாள் காலையில் சினேகிதனைக் கராஜுக்குக் கூப்பிட்டேன். அவனிடம் சொன்னால் கதிரவெளி வரைக்கும் கேட்கும் என்பதால் அவன். கொம்பிரசரைப் போட்டு, குழாயைக் கையில் எடுத்து, எங்கே நின்றேன், எப்படிப் பிடித்தேன், எங்கே குந்தினேன் என்று எல்லாம் செய்து காட்டினேன். "அவ ஒரு நாளும் என்னத் தொட்டதில்ல. நான்தான் மடையன். ஊருக்கெல்லாம் சொல்லு" என்றேன்.

அவன் கடைசிவரை கேட்டான். பிறகு மெதுவாக என் தோளில் கை வைத்தான். கண் கலங்கியிருந்தது.

"நீ நல்ல மனிசன் மச்சான். பொஞ்சாதியக் காப்பாத்த இப்பிடி ஒரு பொய் ஆரும் சொல்ல மாட்டான். இருவது வரிசம் எஞ்சின் பாத்தவன் காதுக்குள்ள காத்தடிப்பானா? நேத்துக் கிளினிக்குல அவவே ஒத்துக்கிட்டாவாமே, ஊரெல்லாம் கதைக்குது." போகும்போது வாசலில் நின்று கிறுகித் திரும்பிப் பார்த்தான். கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, "ஆம்பிளதானே நீயும். திருப்பி ஒண்டு குடுத்தா அடங்கிருவா" என்றான்.

அதை அவன் என் இடது பக்கம் நின்று சொன்னான். ஒவ்வொரு சொல்லும் எனக்கு நன்றாகக் கேட்டது.